பதினேழு கடிதங்கள்

வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆவுக்குப் போகுமுன் நான் கடைசியாகச் செய்யும் வேலை பிரிண்டரை நிறுத்துவது. தில்லையடியில் உள்ள என் கடைக் கணினி யாரோ கழித்துவிட்ட பழசு. லினக்ஸில் ஓடுகிறது. சொடுக்குவதற்குப் படம் காட்டும் வலு அதற்கில்லை. கறுப்புத் திரையில் கட்டளை எழுதினால்தான் தாள் வரும். நிறுத்தவும் ஒரு கட்டளை உண்டு. நான் பள்ளியில் தொழும்போது கடையில் எதுவும் ஓடக்கூடாது. இதை நான் பேணுதல் என்கிறேன், என் மனைவி விசர் என்கிறாள்.

அந்தச் சனிக்கிழமை காலை ஆறரைக்கு என் மூத்த சகோதரி, ராத்தா, வந்தார். மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்தபோது நாங்கள் விட்டு வந்த வீட்டு வளவில் இத்தனை வருசத்தில் மரங்கள் வளர்ந்துவிட்டன. அது காடு என்று சொல்லி வனத் திணைக்களத்தார் எல்லைக்கல் நட்டிருந்தார்கள். அங்கே அன்று காணி அதிகாரிகள் வந்திருந்து மனு வாங்கும் நடமாடும் சேவை. வளவின் நான்கு எல்லைகளையும் குறித்த தட்டச்சுக் கடிதத்தைப் பகல் பன்னிரண்டுக்குள் நேரில் கொடுக்க வேண்டும். வியாழனே அடித்து வைத்திருந்தேன். அச்செடுக்க ஒரு வரிதானே என்று விட்டுவிட்டேன்.

அந்த ஒரு வரியை எழுதினேன். கணினி வேலைக்கு ஓர் இலக்கம் தந்தது. தாள் வரவில்லை. பிஸ்மி சொல்லி மறுபடி எழுதினேன். இன்னோர் இலக்கம் தந்தது. வயரைப் பிடுங்கிச் செருகினேன், மையை எடுத்துக் குலுக்கினேன், பிரிண்டரின் தலையைத் தடவி, "என்ட ராசா" என்று கெஞ்சினேன். பிறகு அறைந்தேன். ஒவ்வொன்றுக்கும் பின் மறுபடி அதே வரி, மறுபடி புது இலக்கம்.

மன்னாருக்குப் போக வாசலில் நின்ற வேனில் நான்கு குடும்பங்கள். சாரதி எட்டிப் பார்த்தார்.

"நானா, பிரிண்டருக்கு ஓதிப் பாக்கிறீங்களா?"

"அஞ்சு நிமிசம் தம்பி!"

"இது நாலாவது அஞ்சு நிமிசம். மத்தவங்களுக்கும் காணி இரிக்கிதானே?"

அந்த நேரத்தில் திறந்திருக்கும் வேறு கடை இல்லை. "நீங்க போங்க" என்றார் ராத்தா. வேன் போய்விட்டது. அடுத்த பஸ் பன்னிரண்டுக்குள் போய்ச் சேராது.

முதலில் கேட்டிருக்க வேண்டியதை அப்போதுதான் கேட்டேன்: பிரிண்டரின் நிலை என்ன? திரை பதில் சொன்னது: நேற்றுப் பகல் முதல் நிறுத்தப்பட்டுள்ளது. நிறுத்தியவன் நான். தொழுதுவிட்டு வந்து புரியாணி தின்று தூங்கியவனும் நான்.

இயக்கும் கட்டளையைக் கொடுத்தேன். கர்ரென்றது. முதல் தாள் வந்தது, பின்னால் இரண்டாவது, மூன்றாவது.

கதிரையில் இருந்த ராத்தா ஒவ்வொன்றாய் வாங்கி, ஓரம் தட்டி அடுக்கினார். "எத்தின வரும்?"

"பதினேழு."

"ஒண்டு போதுமேடா."

"மிச்சத்த அடுத்த அடுத்த வருசங்களுக்கு வச்சிக்குவம் ராத்தா."

வேறு நாளென்றால் முதுகில் ஒன்று போட்டிருப்பார். அன்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். சிரிப்பென்று நினைத்து நிமிர்ந்து பார்த்தேன், சிரிப்பில்லை.

காத்திருக்கும் அச்சு வேலைகளை இரத்துச் செய்யவும் ஒரு கட்டளை இருக்கிறது. அது அப்போது நினைவுக்கு வரவேயில்லை. எங்கள் வளவின் நான்கு எல்லைகளையும் அந்த மெசின் பதினேழு தடவை, ஒரு பிழையுமில்லாமல், அச்சடித்து முடித்தது.