சொதிச் சட்டியில் மூன்று மிளகாய்

என் பிள்ளைகள் இரண்டும் என் சோற்றை விட்டுவிட்டு என் ஓரகத்தியின் சோற்றுக்கு மாறிப்போனது ஒரு முட்டைக் குழம்பால்தான். கொழுந்தன் கட்டிக்கொண்டு வந்தவள் அவள். மன்னாரிலிருந்து படகேறி வந்தவர்களுக்கு மண்டபம் அகதி முகாமிலேயே பிறந்து வளர்ந்தவள். ஒரே வாசல், இரண்டு அடுப்பு என்று இருந்தோம்.

எனக்கு நண்டு கம்பெனியில் வேலை. அவித்த நண்டை உடைத்துச் சதையெடுக்க வேண்டும். ஓடு கிழித்து விரலெல்லாம் கீறலாக இருக்கும். எலுமிச்சைத் தோலைப் போட்டுத் தேய்த்தாலும் வாடை போகாது. ஐந்து வயது மகளும் மூன்று வயது மகனும் நான் திரும்பும்வரை ஓரகத்தியிடம்தான் இருப்பார்கள்.

எங்கள் வீட்டில் பிள்ளைகளுக்கென்று தனிக் குழம்பு கிடையாது. பெரியவர்களுக்கு வைத்த காரக்குழம்பிலிருந்து முட்டையை எடுத்து, தண்ணீரில் அலசி, சோற்றோடு பிசைந்து ஊட்டுவோம். நானும் அலசின முட்டை தின்று வளர்ந்தவள்தான். அவள் அதைப் பார்த்துவிட்டு, முட்டையைக் குளிப்பாட்டினால் என்ன ருசி இருக்கும் என்று சிரித்தாள். சிரித்ததோடு நிற்காமல் அவர்களுக்கென்று சொதி வைத்தாள். சின்ன வெங்காயமும் வெந்தயமும் மஞ்சளும் தண்ணித் தேங்காய்ப்பாலில் வேகும். மிளகாய் ஒன்றே ஒன்று, அதுவும் விதை நீக்கி. முட்டையைப் பாதியாக வெட்டிப் போட்டு, கெட்டிப்பால் ஊற்றி நுரை கூடும்போது இறக்கிவிடுவாள். எலுமிச்சை அப்புறம்தான்.

அன்றைக்குப் பிடித்தது சனி. நான் ஊட்டப் போனால், "ஒங் கை நண்டு நாறுதும்மா, சித்தி ஊட்டட்டும்" என்றாள் மகள். சின்னவன் வாயை இறுக்கி மூடிக்கொண்டான். பெற்றவள் நான், பெயர் வாங்குகிறவள் அவளா என்று எனக்கு வயிறு எரிந்தது. பொறாமையா என்று கேட்டால், ஆமாம், பொறாமைதான்.

ஒருநாள் நானே வைத்துப் பார்த்தேன். அவளிடம் கேட்க ரோஷம் விடவில்லை. அடுப்பில் கொதிக்கும்போதே எலுமிச்சையைப் பிழிந்தேன். பால் திரிந்து தண்ணி வேறு, கட்டி வேறாகப் போனது. பிள்ளைகள் எட்டிப் பார்த்துவிட்டு அவள் அடுப்படிக்குப் போய்விட்டார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் சொதியை இறக்கி வைத்துவிட்டுத் துணி காயப்போடப் போனாள். நான் மூன்று பச்சை மிளகாயை அம்மியில் நசுக்கி, கையாலேயே வழித்து, அவள் சட்டியில் போட்டுக் கலக்கினேன். பிள்ளைகள் சாப்பிடுவது என்று தெரிந்துதான் செய்தேன். உறைத்தால் என்னிடம் வருவார்கள் என்று நினைத்தேன். அப்படியே ஒரு செம்பில் தண்ணீரும் சீனியும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

முதல் வாயிலேயே சின்னவன் அலறினான். மகளுக்குக் கண்ணும் மூக்கும் ஒழுகின. செம்போடு நான் ஓரடி தூரத்தில்தான் நின்றேன். இரண்டும் என்னைத் தாண்டி ஓடி அவள் மடியில் விழுந்தன.

அவள் மிச்சமிருந்த கெட்டிப்பாலை அவர்கள் வாயில் ஊற்றினாள். பிறகு கரண்டியால் சொதியைக் கிளறிப் பார்த்தாள். மிளகாய் விதைகள் மிதந்தன. எனக்குக் கீறல்களில் மிளகாய் ஏறி விரல்கள் தீயாய் எரிந்தன. தாங்காமல் கையைச் செம்புக்குள்ளேயே விட்டிருந்தேன். அவள் என் கையைப் பார்த்தாள், பிறகு என் முகத்தைப் பார்த்தாள். அவ்வளவுதான், இப்போது ஊரைக் கூட்டப்போகிறாள் என்று இருந்தேன்.

"ஏன் சித்தி இம்புட்டு ஒறைக்குது?" என்றாள் மகள்.

"நான்தான் ராசாத்தி, விதையெடுக்க மறந்திட்டன். சித்தி பிழை விட்டிட்டன்."

மகள் விக்கலோடு எழுந்து, அவள் கன்னத்தில் வழிந்த கண்ணீரைத் துடைத்து, "பரவால்ல சித்தி, அழுகாத" என்றாள். சின்னவன் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு முத்தம் கொடுத்தான்.

தப்பு என்னுடையது. வாயைத் திறந்து சொல்லியிருந்தால் அந்த முத்தம் எனக்கு வந்திருக்கும். நான் சொல்லவில்லை. மன்னிப்பையும் அவளே வாங்கிக்கொண்டாளே என்று, செம்புக்குள் கையை விட்டபடி, அதற்கும் பொறாமைப்பட்டுக்கொண்டு நின்றேன்.