கொக்கி இல்லாத கையுறை

எங்கள் படகுத்துறையில் அக்காவுக்கு ஒரு சின்ன அறை. ஒரு மேசை, ஒரு நோட்டு, சுவர் முழுக்க எண் போட்ட கொக்கிகள். கடல் பூங்காவில் முக்குளிக்க வருகிறவர்கள் கையுறையைக் கழற்றி அவளிடம் கொடுத்தால்தான் என் படகில் ஏற முடியும். கையுறை போட்ட கைக்குப் பயம் விட்டுப்போகும், பவளப்பாறையைப் பிடிக்கும், பிடித்த இடம் செத்துப்போகும். இதை அவள் தினமும் நாற்பது தடவை சொல்வாள். தூக்கத்திலும் சொல்வாள் என்பது அவள் புருஷன், எங்கள் மாமா, கிளப்பிவிட்ட கதை.

ஜன்னல் வழியாகக் காற்று வந்தால் கொக்கிகளில் தொங்கும் கையுறைகள் நீந்துவது போல் அசையும். கடலில் கால்கூட நனைக்காத அக்கா அதைப் பார்த்துக்கொண்டே எங்கோ போய்விடுவாள். கூப்பிட்டால் காதில் விழாது.

மாமா என் படகில் வந்து மிதவைக் கயிறுகளைக் கடலடியில் சுத்தம் செய்கிறவர். கயிற்றில் ஒட்டும் சிப்பி கையைக் கிழிக்கும் என்பதால் அவருக்கு மட்டும் கையுறைக்கு அனுமதி உண்டு, கொக்கி கிடையாது. கயிற்றை விட்டதும் கழற்றிப் பையில் போட வேண்டும். மனுஷன் கரையேறும்போதும் போட்டுக்கொண்டே வருவார். அக்கா சிரித்தபடி ஒவ்வொரு விரலாக இழுத்துக் கழற்றிவிடுவாள். பார்க்க அழகாக இருக்கும்.

அன்றைக்கு மாமா சிரிக்கவில்லை.

"கயிறு முடிச்சுட்டு சும்மா மிதந்தேன்," என்றார். "வெளிச்சம் தூள்தூளா எறங்கிட்டிருந்துச்சு. ஏதோ மயக்கம் மாதிரி. வீட்டுச் சுவத்துல கை வைக்கற மாதிரி கையுறையோட பவளத்துல வச்சுட்டேன். பெரிய கிளை ஒண்ணு ஒடைஞ்சு போச்சு."

பவளத்தை உடைத்தவர் பேர் நோட்டில் ஏறும். ஏறினால் ஆறு மாதம் கடலில் இறங்க முடியாது. கரையில் மாமா ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல் நிம்மதியாக இருந்து நான் பார்த்ததில்லை.

"அக்கா, யாரும் பார்க்கல. விட்டுடேன்," என்றேன்.

அவள் மாமாவைப் பார்த்தாள். மாமா இரண்டு கையையும் நெஞ்சோடு கட்டிக்கொண்டு, தண்ணீருக்குள் நிற்பது போலவே நின்றார்.

"எழுது," என்றார்.

அக்கா எழுதினாள். பேனாவை வைப்பாள் என்று பார்த்தால், கீழே இன்னொரு பேரும் எழுதினாள்.

"அது யாரு?" என்றார் மாமா.

"நான்தான். ஊர்ல எல்லாரையும் கழட்டச் சொன்னேன். உங்க கையில இருந்ததை மட்டும் தினமும் கொஞ்சிக் கழட்டிவிட்டேன். என் புருஷன்தானேன்னு." கண் நிறைந்துவிட்டது. மாமாவின் ஈரக் கையுறையைக் கழற்றி, பதினெட்டாம் கொக்கியில் மாட்டினாள்.

பிறகு நோட்டை என் பக்கம் திருப்பினாள்.

"தினமும் படகுல பக்கத்துல இருந்து, இவர் கழட்டாததைப் பார்த்தவன்தானே நீ?"

நான் பேனாவை வாங்கிக்கொண்டேன்.