மண் படாத நோட்டு

நடுவர் என் மகளின் நோட்டை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. அருப்புக்கோட்டையில் ஒரு பள்ளியில் நடந்த அறிவியல் கண்காட்சி அது. அவர் ஒரு கல்லூரிப் பேராசிரியை. மற்ற நடுவர்கள் விளக்கு எரிகிற, சக்கரம் சுற்றுகிற மாதிரிகளின் முன்னால் நின்றார்கள். இவர் மட்டும் ஒவ்வொரு மேசையிலும் முதலில் நோட்டைத்தான் கேட்டார்.

எட்டாம் வகுப்பில் இருந்த மகள் செய்தது எளிய சோதனை. இரண்டு தொட்டிகளில் கரிசல் மண். ஒன்றில் மட்டும் ஆட்டுப் புழுக்கை கலந்திருந்தாள். ஒரே அளவு தண்ணீர் ஊற்றி, எது ஈரத்தை அதிக நாள் பிடித்துவைக்கிறது என்று அறிய, இருபது நாளும் காலையில் எடை போட்டு எழுதினாள். பக்கமெல்லாம் மண் விரல் தடம், அடித்தல் திருத்தல். பன்னிரண்டாம் நாளில் இப்படி இருந்தது: ‘பக்கத்து வீட்டு அத்தை பாவப்பட்டு இரண்டு தொட்டிக்கும் தண்ணீர் ஊற்றிவிட்டார். எடை கூடிவிட்டது. விதையே போடவில்லை என்று அத்தையிடம் சொல்லியாயிற்று.’

படித்தால் சிரிப்பார்களே என்று பயந்தேன். புது நோட்டு வாங்கி, அவள் எழுத்தைப் போலவே நான் படியெடுத்தேன். பன்னிரண்டாம் நாள் எடை கூடியதை விட்டுவிட்டு, இருபது நாளும் சீராகக் குறைவதுபோல் எண்களை நானே போட்டேன்.

“இது நான் பாத்ததில்லம்மா.”

“சும்மா இரு. நீட்டா இருந்தாத்தான் மார்க்கு.”

நடுவர் அவளிடம் கேட்டார்: “இருபது நாளும் ஒரே சீரா கொறையுதே பாப்பா, ஒருநாள்கூடவா மாறி வரல? தெனமும் எழுதுன நோட்டு எங்க?”

அது என் தோள்பையில் இருந்தது. பத்தடி தள்ளிக் கதவோரம் நின்றிருந்தேன். மகள் என்னைப் பார்த்தாள். நான் அசையவில்லை.

“தொலஞ்சு போச்சு மிஸ்” என்றாள்.

அவருக்குக் கோபம் வரவில்லை. “மாடலக் கடையில வாங்கிரலாம். நீ பாத்தத எங்கம்மா வாங்குறது?” என்று கேட்டு, தாளில் எதையோ குறித்துவிட்டு நகர்ந்தார். மாவட்டப் போட்டிக்குத் தேர்வானவர்களில் அவள் இல்லை.

திருச்சுழி பஸ்ஸில் வெகுநேரம் கழித்துக் கேட்டாள். “நோட்டு ஒன் பையிலதான இருந்துச்சு?”

“ஆமா.”

“தெரியும். அத்தன பேரு முன்னாடி அவுக கேட்டா நீ அழுதுருவ.”

ஓடிப்போய்க் கொடுத்திருந்தால் எனக்கு ஒரு நிமிட அவமானம். அவ்வளவுதான். அந்த ஒரு நிமிடத்துக்குப் பயந்து, பொய் சொல்லத் தெரியாத பிள்ளையை எனக்காகப் பொய் சொல்ல வைத்தேன். மதிப்பெண் போனதை அவள் எப்போதோ மறந்திருப்பாள்.

இந்த ஆண்டும் பள்ளியிலிருந்து கண்காட்சி அறிவிப்பு வந்தது. காலையில் தலை பின்ன உட்கார்ந்தவளிடம், “சேருறியாடி?” என்று மெல்லக் கேட்டேன்.

“நீயே சேந்துக்கம்மா. ஒனக்குத்தான் நல்லா வருது” என்று சிரித்தாள்.

முதுகு காட்டி உட்கார்ந்திருந்ததால் என் முகம் அவளுக்குத் தெரியவில்லை. மூன்று காலாகப் பிரித்த கூந்தல் கையில் இருக்க, அடுத்து எந்தக் காலை எடுத்துப் பின்னுவது என்று தெரியாமல் நின்றேன்.