என் காகிதக் குறுக்குவில்கள்

குறுக்குவில் செய்வது என் தொழில் என்று சொன்னால் எல்லோரும் பட்டறை எங்கே என்று கேட்கிறார்கள். என்னிடம் இருப்பது ஒரு லேப்டாப்பும் ஒரு டப்பா நிறைய டைஸும்தான்.

மேஜையைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்து, ஆளுக்கொரு வீரனாகவோ மந்திரவாதியாகவோ மாறி, பேசிப் பேசியே ஆடும் மாயாஜாலக் கதை ஆட்டம் ஒன்று இருக்கிறது. பூதத்தை அடிப்பதெல்லாம் வாயால்தான்; அடி பட்டதா இல்லையா என்பதை இருபது முகம் கொண்ட டைஸ் சொல்லும். ஆட்டப் புத்தகத்தில் இல்லாத ஆயுதங்களை நான் எழுதி நெட்டில் விற்கிறேன்; முக்கியமாக, துப்பாக்கி போல விசையை இழுத்து அம்பு விடும் குறுக்குவில்களை. விற்பதற்கு முன், ஸ்ரீரங்கத்தில் என் வீட்டு மேஜையில் மூன்று நண்பர்கள் ஞாயிறுதோறும் வடைப் பொட்டலத்தோடு வந்து அவற்றைச் சோதிப்பார்கள். முசிறியில் வாழை வியாபாரம் பார்க்கும் கோகுல், எங்கள் தெருவிலேயே இருக்கும் பாங்க் ஊழியர் வாசுதேவன், பாலக்கரையிலிருந்து வரும் ஸ்கூல் டீச்சர் ரெஜினா. கதையை நடத்துவது நான். ஆயுதத்துக்குப் பலமும் வேண்டும், அதற்கு ஈடான குறையும் வேண்டும். இந்தத் தராசைப் பிடித்துக்கொண்டு திண்டாடும் சக தொழிலாளிகளே, இதெல்லாம் உங்களுக்கும் நடந்திருக்கும்.

டிராகனின் கடைசி வசனம்

நான் செய்த முதல் குறுக்குவில் இரும்புக் கவசத்தையும் துளைக்கும். ஒரே இழுப்பில் மூன்று அம்பு பாயும். பெருமையோடு அதைக் கோகுலின் வீரனிடம் கொடுத்தேன். அன்றைய ஆட்டத்துக்காக ஒரு மலைக்குகை, அதில் ஒரு டிராகன், அந்த டிராகனுக்கு ஒரு சோகக் கதை என்று வாரம் முழுக்க உட்கார்ந்து தயார் செய்திருந்தேன். டிராகன் வாயைத் திறந்து தன் முதல் வசனத்தைத் தொடங்கியது. கோகுல் டைஸை உருட்டினார். மூன்று அம்பும் தைத்தன. டிராகன் அதோடு சரி.

ஒருவரும் கைதட்டவில்லை. கோகுல் தன் டீ கிளாஸைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஏங்க, முசிறியிலேர்ந்து ரெண்டு பஸ் மாறி வந்திருக்கேன். டீ ஆறுறதுக்குள்ள செத்துப் போச்சே, பாவம், அது இன்னும் கொஞ்சம் பேசியிருக்கலாம்."

சுற்றிக்கொண்டே இருந்த வில்

அடுத்த வில்லில் எதிர்ப்பக்கமாகச் சாய்ந்துவிட்டேன். பக்கவாட்டில் இருக்கும் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றித்தான் நாணை ஏற்ற வேண்டும். அதுவரை அம்பு விட முடியாது. வாசுதேவனின் வில்லாளி போர் முழுக்கக் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே இருந்தான். குட்டிப் பூதங்கள் வந்து, கிராமத்தைக் கொள்ளையடித்து, மூட்டை கட்டிக்கொண்டு போயே விட்டன.

வாசுதேவன் கோயில் கைங்கர்யக் குடும்பம். யாரையும் கடிந்து பேசிப் பழக்கமில்லை. கையைக் கட்டிக்கொண்டு, வெகு பணிவாகச் சொன்னார்: "அடியேன் குறையா சொல்லலை. நடுவுல எழுந்து போய்ப் பெருமாளைச் சேவிச்சுட்டு, தீர்த்தம் வாங்கிண்டு வந்தாலும், இது அப்பவும் சுத்திண்டுதான் இருக்கும்."

சமயபுரம் பஸ்ஸில்

ஒருநாள் பஸ்ஸில் போகும்போது கோகுல் போன் செய்தார். புதிய வில்லைப் பற்றிப் பேச்சு. கூட்ட இரைச்சலில் கொஞ்சம் சத்தமாகவே பேசிவிட்டேன் போலிருக்கிறது. "நெஞ்சுல பட்டா பொழைக்கட்டும்ங்க. கழுத்துல பட்டா மட்டும் சாகட்டும். சட்டுனு செத்துட்டா நல்லாவா இருக்கும்?"

முன் சீட்டில் மஞ்சள் புடவையில் உட்கார்ந்திருந்த அம்மா மெல்லத் திரும்பினார். போனை வைத்துவிட்டு, டைஸ், காகிதம், டிராகன் எல்லாவற்றையும் விளக்கினேன். முழுதாகக் கேட்டார். நம்பிய மாதிரி தெரியவில்லை. சமயபுரத்தில் இறங்கும்போது என் தோளில் தட்டிச் சொன்னார்: "சரி தம்பி, விளையாட்டாவே இருக்கட்டும். ஆத்தாகிட்டதான் போறேன், அந்த டிராகனுக்கும் சேர்த்து ஒரு விளக்கு போட்டுடறேன்."

குறையே இல்லாத வில்

ரெஜினா ஸ்கூட்டரிலிருந்து விழுந்ததில் இடது கையில் அடி. காயம் ஆறியது, பிடிமானம் மட்டும் திரும்பவில்லை. பல மாதம் கழித்து அவர் மறுபடி மேஜைக்கு வந்த அன்று, நான் ஒரு பரிசு வைத்திருந்தேன். ஒரே கையால் எய்யலாம், அம்பு தானாக ஏறும், குறி தவறவே தவறாது. எங்கள் மூவருக்கும் அதில் பரம திருப்தி. பூதம் வரும்போதெல்லாம் கோகுலும் வாசுதேவனும் ஒதுங்கி நின்று வழி விட்டார்கள்.

பாதி ஆட்டத்தில் ரெஜினா டைஸைக் கீழே வைத்தார். அவருக்குக் கோபம் வந்து நாங்கள் பார்த்ததில்லை. "அருள், எல்லார் வில்லுக்கும் ஒரு குறை வெச்சிருக்கீங்க. எனக்கு மட்டும் ஏன் வெக்கல? நான் ஆட வந்தேனா, உடம்பு எப்படி இருக்குன்னு நீங்க விசாரிக்கறதுக்காக வந்தேனா?"

ஊறுகாய் பாட்டில்

அப்படியானால் என்ன குறை வைக்கலாம், நீங்களே சொல்லுங்கள் என்றேன். அவர் என் சமையலறைக்குள் போய் ஊறுகாய் பாட்டிலை எடுத்து வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து, முழங்கால்களுக்கு நடுவே அதை இறுக்கி, வலது கையால் மூடியைத் திறந்து காட்டினார். "உக்காந்தா எதையும் திறந்துடுவேன். நின்னுக்கிட்டு முடியாது. இதை எழுதுங்க."

எழுதினோம். வில்லின் நுனியில் ஒரு இரும்பு வளையம். உட்கார்ந்து, அதில் பாதத்தை நுழைத்து, ஒரு கையால் நாணை இழுக்க வேண்டும். அடி பலமாக விழும். ஆனால் இழுக்கும் நேரத்தில் நகர முடியாது. யாராவது முன்னால் நின்று காக்க வேண்டும்.

அடுத்த ஆட்டத்தில் ஒரு மரப்பாலத்தின் மேல் கல் ராட்சசன் வழிமறித்தான். ரெஜினாவின் வீராங்கனை உட்கார்ந்து நாணை இழுக்க, கோகுலும் வாசுதேவனும் முன்னால் நின்று அடி வாங்கினார்கள். எல்லாம் அந்த ஒரு டைஸில் நின்றது. ரெஜினா உருட்டினார். இருபதுக்கு வெறும் நாலு. அம்பு ஆற்றோடு போயிற்று. இன்னொரு தரம் உருட்டுங்கள் என்று எனக்கு வாய் வரைக்கும் வந்தது, விழுங்கிக்கொண்டேன். ராட்சசன் பாலத்தை மிதித்து உடைக்க, மூன்று பேரும் தண்ணீரில் விழுந்து நீந்தித் தப்பித்தார்கள்.

ரெஜினா கண்ணில் நீர் வரச் சிரித்தார். இன்றைக்கும் வெளியூர்க்காரர்கள் அதிகம் கேட்டு வாங்குவது அந்த வில்லைத்தான். செய்தவர்கள் என்ற இடத்தில் அவர் பெயரும் இருக்கிறது. அன்று படியிறங்கும்போது அவர் திரும்பி நின்று மிரட்டிவிட்டுப் போனார்: "அந்த ராட்சசனை வேற யாரும் தொடக்கூடாது, சொல்லிட்டேன். ஞாயித்துக்கிழமை வரைக்கும் அவனைப் பத்திரமா பாத்துக்குங்க."

உலகத்தில் ஆயுதம் செய்கிறவர்களில், அது சரியில்லை என்று சொல்ல வருகிறவர்கள் கையோடு சூடாக வடையும் வாங்கி வருவது எனக்கு ஒருவனுக்குத்தான் வாய்த்திருக்கும் என்று நினைக்கிறேன்.