கல்லாய்த் தொங்கிய வெங்காயம்

எழுபதுகளின் நடுவில் ஒரு காலை, யாழ்ப்பாணத்துக் கோப்பாயில் எங்கள் தோட்டத்துக்கு விவசாயப் போதனாசிரியர் ஒருவர் சைக்கிளில் வந்தார். நெடிய, ஒல்லியான மனிதர். எந்த வெங்காயத்தை எடுத்தாலும் பெருவிரலால் அடியை அழுத்திப் பார்த்த பிறகே கதைப்பார். பெயரை நான் கேட்கவில்லை.

அடுத்த போகத்துக்கான விதைவெங்காயம் முழுவதும் கொட்டிலில் பிடிபிடியாகத் தொங்கியது. அவர் ஒன்றைப் பிளந்தார். அடியில் மயிரிழைபோல மண்ணிறக் கோடு ஒன்று தெரிந்தது.

"பூஞ்சணம் இறங்கீட்டுது. இந்த வரிசையைக் கழட்டிக் கிடங்கு வெட்டித் தாட்டுப்போடுங்கோ."

"கல்லுமாதிரிக் கிடக்குது, ஐயா. பூஞ்சணம் திண்டால் இப்பிடிக் கிடக்குமோ?"

"உடனை தின்னாது, தம்பி. வெங்காயத்தின்ரை சதையை ஒட்டி வைச்சிருக்கிறது பெக்டின் எண்ட பசை. பூஞ்சணம் ஒரு நொதியத்தை விட்டு முதல் அந்தப் பசையைக் கரைக்கும். பசை போனால் எல்லாம் தானாக் குழைஞ்சிடும்."

"இப்பவே கரையுதோ?"

"ஓம். நாங்கள் கதைச்சுக்கொண்டு நிக்கேக்கையே கரையுது."

எனக்குக் கோபம் வந்தது. தேநீரோடு வந்த மனைவியைக் கைகாட்டித் திருப்பி அனுப்பினேன். போதனாசிரியர் அதைப் பார்த்துவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு புறப்பட்டார்.

நான் அந்த வரிசையைக் கழற்றவில்லை. இரண்டு கிழமையில் எல்லா வரிசையிலும் பிடிகள் தாமாகவே கழன்று விழுந்தன. எடுத்தால் தோல் மட்டும் கையில் நின்றது. உள்ளே இருந்தது நீராய் வழிந்தது. அந்தப் போகம் தோட்டம் வெறும் மண்ணாகக் கிடந்தது. அவரைத் தேடி அவருடைய அலுவலகத்துக்குப் போனேன். மாற்றலாகிவிட்டார் என்றார்கள்.

அன்று எங்கள் தோட்டத்தை விட்டுப் போகும்போது அவர் வாசல் படலையடியில் நின்று கொட்டிலைத் திரும்பிப் பார்த்தார். செத்தவீட்டை விட்டுப் போகிறவரின் முகம் அது. நான் கூப்பிடவில்லை.