ஜூலை முப்பத்தொன்றில் பிறந்தவர்கள்

எங்கள் அடுக்ககத்தின் வாட்ஸ்அப் குழுவில் தினமும் காலை ஆறு மணிக்கு ‘இந்த நாளில்’ என்றொரு பட்டியல் வந்து விழும். இன்று பிறந்த பெரியவர்கள், இன்று மறைந்தவர்கள், இன்று நடந்தவை. மற்றவர்கள் அதன் கீழே கைகூப்பும் படம் போடுவார்கள். நான் மட்டும் “ஆதாரம்?” என்று கேட்பேன். முப்பத்தைந்து வருடம் பிறப்பு இறப்புப் பதிவுப் பிரிவில் உட்கார்ந்திருந்தவள் நான். ஒருவர் பிறந்தார் என்று வாயால் சொன்னால் போதாது. படிவம் வேண்டும், கையொப்பம் வேண்டும், தாமதமாகச் சொன்னால் அதற்கொரு விளக்கக் கடிதமும் வேண்டும்.

இந்த வியாதி எனக்கு ஐந்தாம் வகுப்பிலேயே தொற்றிவிட்டது.

மேற்குத் தாம்பரத்தில் நான் படித்த தொடக்கப் பள்ளிக்கு என் பெரியப்பாதான் தலைமையாசிரியர். தினசரிக் காலண்டர் தாள்களையும் செய்தித்தாள் துண்டுகளையும் ஒட்டி அவர் ஒரு தடித்த நோட்டு வைத்திருந்தார். காலை வணக்கக் கூட்டத்தில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்று கொடிக்கம்ப மேடையில் ஏறி, அதில் அன்றைய பக்கத்தை வாசிக்க வேண்டும். விமானப்படை விமானம் தலைக்கு மேல் போனால் வாசிப்பை நிறுத்திவிட்டு, அது போனதும் விட்ட இடத்தில் தொடங்க வேண்டும். இதனால் பல அரசர்கள் பாதி இறந்த நிலையில் சிறிது நேரம் காத்திருந்ததுண்டு. ஞாயிற்றுக்கிழமை இறந்தவர்களுக்கு வெள்ளிக்கிழமையே அஞ்சலி செலுத்திவிடுவோம்.

கடைசியாக, அன்று பிறந்தநாள் காணும் மாணவர்களின் பெயர்கள். அவர்கள் மேடை ஏறுவார்கள். ஆளுக்கொரு ஆரஞ்சு மிட்டாய், பள்ளி முழுவதும் கைதட்டல்.

என் பிறந்தநாள் மே மாதம். கோடை விடுமுறை. ஐந்து வருடமும் நான் பிறந்த நாளில் பள்ளி பூட்டிக் கிடந்தது.

பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பிறந்த தேதியே கிடையாது. வலது கையைத் தலைக்கு மேலாக வளைத்து இடது காதைத் தொட்டால் ஐந்து வயது, அவ்வளவுதான் ஆதாரம். என் பக்கத்தில் உட்காரும் நூர்ஜஹானைச் சேர்க்க வந்தபோது, ரயில் நிலையம் அருகே தையற்கடை வைத்திருந்த அவளுடைய அத்தா சொன்னது எங்கள் வீட்டில் வெகுநாள் பேசப்பட்டது.

“கடைக்குப் புது மிஷின் வந்துச்சே சார், அதுக்கு மூணாம் நாள் பொறந்தா.”

“மிஷின் என்னிக்கு வந்துச்சு?”

“இவ பொறக்கறதுக்கு மூணு நாள் முன்னாடி, சார்.”

நூர்ஜஹான் காதைத் தொட்டது மட்டுமல்ல, அதைத் தாண்டிக் கழுத்தையும் சொறிந்துகொண்டாள். எப்படியும் ஏழு வயது இருக்கும். பெரியப்பா ஐந்து என்றே எழுதினார். தேதி, ஜூலை முப்பத்தொன்று. தேதி தெரியாமல் வந்த அத்தனை பிள்ளைகளுக்கும் அதே தேதிதான்.

ஐந்தாம் வகுப்பில் அந்த ஜூலை முப்பத்தொன்று அன்று வாசிக்கும் முறை எனக்கு வந்தது. அன்று பார்த்துப் பள்ளி ஆய்வாளரும் முன்னறிவிப்பில்லாமல் வந்து நாற்காலியில் அமர்ந்துவிட்டார். நான் ஒரு கப்பல் மூழ்கியதையும் ஒரு பாலம் திறக்கப்பட்டதையும் வாசித்து முடித்துப் பெயர்களுக்கு வந்தேன். இருபத்தாறு பெயர்கள். மேடை கொள்ளாமல் ஒன்றாம் வகுப்பு வேப்பமரத்தடியில் நின்றது. இருபத்தேழாவதாக, நோட்டில் இல்லாத ஒரு பெயரையும் வாசித்தேன். என் பெயர்.

பெரியப்பா வரிசையாக மிட்டாய் கொடுத்துக்கொண்டே வந்தார். நூர்ஜஹானுக்குக் கொடுத்தார். நீட்டியிருந்த என் கையைத் தாண்டிப் போனார்.

“பெரியப்பா, எனக்கு?”

“உனக்கு மே மாசம். ஆஸ்பத்திரி சீட்டைக் காட்டி உங்கப்பன் நெஜத்தை எழுத வெச்சுட்டான். நான் என்ன பண்ண முடியும்?”

நூர்ஜஹான் மிட்டாயைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நேராக ஆய்வாளரிடம் போனேன்.

“சார், இவங்க யாருமே இன்னிக்குப் பொறக்கல சார். எல்லாம் பெரியப்பா பொறக்க வெச்சது!”

ஆசிரியைகள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். ஆய்வாளர் சிரிக்கவில்லை. சேர்க்கைப் பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னார். பெரியப்பா மிட்டாய் டப்பாவை ஆய்வாளரின் நாற்காலி அருகே வைத்துவிட்டு அதை எடுத்து வந்தார். பதிவேட்டில் பொய் எழுதினால் வேலை போய்விடும் என்று அப்பா வீட்டில் அவரிடம் கத்தியது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. மிட்டாய் வேண்டாம் என்று தோன்றியது. ஆனால் ஒரு புகாரைத் திரும்பப் பெறும் நடைமுறை அன்று எனக்குத் தெரியாது.

ஆய்வாளர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார்.

“எல்லாருக்கும் ஜூலை முப்பத்தொண்ணு. அதென்ன சார் கணக்கு?”

பெரியப்பா தரையைப் பார்த்தபடி சொன்னார். “அந்தத் தேதிக்குள்ள அஞ்சு முடிஞ்சா சேத்துக்கலாம்னு ரூல், சார். அதுக்கு மேல தள்ள முடியல.”

ஆய்வாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “எங்க ஊர்ல எல்லாருக்கும் ஜூன் ஒண்ணு. எங்க வாத்தியார் அவசரக்காரர். பள்ளிக்கூடம் தெறக்கற தேதியையே எழுதிட்டாரு. அடுத்த வருஷம் நான் ரிட்டயர் ஆவறேன் சார். பொண்ணுக்கு இன்னும் கல்யாணம் முடியல. உங்க தேதியா இருந்தா ரெண்டு மாசச் சம்பளம் கூட வந்திருக்கும்.”

பிறகு பதிவேட்டில் பச்சை மையில் கையெழுத்துப் போட்டார். டப்பாவிலிருந்து ஒரு மிட்டாயை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, அடுத்த பள்ளிக்குக் கிளம்பிவிட்டார். ஓர் அரசு அதிகாரி ஆரஞ்சு மிட்டாய்க்கு விலைபோனதைக் கண்ணால் பார்த்தேன் என்று அன்று மாலை அப்பாவிடம் முறையிட்டேன். அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். பெரியப்பா என்னைத் திட்டவே இல்லை. அதுவும் எனக்குக் குறையாகத்தான் இருந்தது.

நூர்ஜஹானும் நானும் ஒரே தேர்வு எழுதி ஒரே அலுவலகத்தில் சேர்ந்தோம். பக்கத்துப் பக்கத்து மேசை. ஒரு மே மாதக் கடைசி நாளில் எனக்குப் பிரிவு உபசார விழா நடந்தது. என்னைவிட இரண்டு வயது மூத்த நூர்ஜஹான், இன்னும் இரண்டு மாதப் பணி மிச்சமிருக்கும் நூர்ஜஹான், மேடை ஏறி எனக்கு மாலை போட்டாள். ஒலிவாங்கியைப் பிடித்து, “எங்க அக்கா பாவம், வயசாயிடுச்சு. இனிமேலாச்சும் வூட்ல ரெஸ்ட் எடுக்கட்டும்” என்றாள். அலுவலகமே கைதட்டியது.

இறங்கும்போது என் கையில் எதையோ வைத்து விரல்களை மூடினாள். ஆரஞ்சு மிட்டாய்.

பெரியப்பா அன்று எனக்குத் தராமல் போனது இது ஒன்றுதான் என்று அந்த ஐந்தாம் வகுப்புப் பெண் நினைத்துக்கொண்டிருந்தாள்.