கருவேலங்காட்டில் குரங்காக நின்ற காலை

போன மார்கழியில், கோவில்பதாகையில் எங்கள் ஃபிளாட்டுக்குப் பின்னால் இருக்கிற ஏரிக்கரைக் கருவேலங்காட்டில் நடந்தது இது.

எங்கள் குடியிருப்பு வாட்ஸ்அப் குரூப்பில் ஒருநாள் மங்கலாக ஒரு போட்டோ வந்தது. முள்ளுக்கு நடுவே கறுப்பாக ஏதோ ஒன்று. ஆறடி மனிதக் குரங்கு என்றார் ஒருவர். மறுநாள் அது ஏழடி ஆனது. மூன்றாம் நாள் ஒரு ஆட்டையே தூக்கிப் போயிருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை, வாக்கிங் போகிற ஆறு பேர் சேர்ந்து காட்டுக்குள் தேடுவதென்று முடிவானது.

எனக்குக் கை சும்மா இருக்குமா? ஆபீஸ் ஆண்டு விழாவுக்கு வாடகைக்கு எடுத்த குரங்கு உடை வீட்டில்தான் இருந்தது.

"நாப்பது வயசுல இதெல்லாம் தேவையா?" என்றபடியே என் மனைவி முதுகு ஜிப்பை இழுத்துவிட்டு, குரங்குத் தலையைப் பின்கழுத்தில் நாடா போட்டுக் கட்டினாள். கழன்று விழுந்தால் மானம் போய்விடும், நல்லா இறுக்கு என்று சொன்ன மகானும் நானே.

விடிந்தும் பனி விலகவில்லை. புதருக்குள் சிரிப்பை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆனால் வந்தது ஆறு பேர் இல்லை. பக்கத்துத் தெருக்காரர்களும் சேர்ந்து முப்பது, நாற்பது பேர். கையில் கட்டை, இரும்புக் கம்பி. நைசாக நழுவிவிடலாம் என்று எழுந்தேன். எழுந்ததுதான் தப்பு.

முதல் கல் தோளில் விழுந்தது. "நான்தாங்க, மூணாவது மாடி!" என்று கத்தினேன். பஞ்சடைத்த தலைக்குள்ளிருந்து அது உறுமலாகத்தான் வெளியே போயிருக்கிறது. நாடாவை அவிழ்க்கப் பார்த்தால், கையில் விரல் பிரியாத தடித்த உறை. சரணடைகிற மாதிரி இரண்டு கையையும் தூக்கினேன். "அடிக்க வருதுடா!" என்று இன்னும் நெருங்கினார்கள்.

கண் ஓட்டை வழியே, கம்பியை ஓங்கிக்கொண்டு முன்னால் வந்தவர் தெரிந்தார். தினமும் என்னோடு டீ குடிக்கிற எதிர்வீட்டுக்காரர். அவர் கை நடுங்கியது. கோபக்காரர் என்றால் ஒரு அடியோடு நிறுத்துவார். இவ்வளவு பயந்தவர் நிறுத்தமாட்டார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. உடையிலேயே ஒண்ணுக்குப் போய்விட்டேன். இதை எழுத வேண்டாம் என்றுதான் பார்த்தேன். உண்மை அனுபவம் எழுதுங்கள் என்று உங்கள் பத்திரிகையில் கேட்டுவிட்டீர்களே!

அப்போதுதான் சுள்ளி பொறுக்க வந்த ஒரு அம்மா, தலைச்சுமையைக் கீழே போட்டுவிட்டு எங்களுக்கு நடுவில் வந்து நின்றார்.

"யோவ், இன்னாய்யா பண்றீங்க? கொரங்கு எங்கனா செருப்பு மாட்டிகினு வருமா? காலப் பாருங்கய்யா!"

கம்பி அந்தரத்திலேயே நின்றது. அவரே என் பின்னால் வந்து முடிச்சை அவிழ்த்தார். "உனுக்கு வேற வேலயே இல்லியா நைனா? செத்திருப்ப."

என் முகத்தைப் பார்த்ததும் எதிர்வீட்டுக்காரர் கம்பியைப் போட்டுவிட்டு முள்ளென்றும் பாராமல் தரையில் உட்கார்ந்து அழுதார். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. நான் கையுறையைக் கழற்றிவிட்டு நன்றி சொல்லத் திரும்புவதற்குள் அந்த அம்மா சுமையோடு போய்விட்டிருந்தார்.

இப்போதும் குரூப்பில் 'சந்தேகப்படும்படி ஒருத்தன் சுத்துறான்' என்று யாருடைய போட்டோவாவது வந்தால் எனக்கு வேர்த்துவிடுகிறது. எல்லாரும் அந்தப் போட்டோவை வெளியிலிருந்து பார்க்கிறார்கள், நான் மட்டும் அதற்குள்ளே நின்று அவர்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.